மெயின்ஸுக்கும் 5 வோல்ட்டுக்கும் நடுவே எத்தனை மில்லிமீட்டர்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பவர் சப்ளை போர்டுகளின் லேஅவுட்டை (பாகங்களும் செம்புக் கோடுகளும் அமையும் வரைபடத்தை) பார்த்துச் சரி சொல்வது பல ஆண்டுகளாக என் வேலை. போர்டு மாறும், வரைந்தவர் மாறுவார், கேள்விகள் மட்டும் மாறுவதில்லை. அவற்றைக் கேட்டவர்கள் கேட்ட வாக்கிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். வேறு பெயர் சொல்லாத இடங்களில் வரும் இடைவெளி எண்கள் ஐ.இ.சி. (சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம்) வெளியிட்ட 60664-1 தரநிலையில் உள்ளவை. மற்ற பல தரநிலைகள் இடைவெளி விஷயத்தில் இதைத்தான் அடிப்படையாக வைத்திருக்கின்றன. உங்கள் பொருளுக்கென்று தனித் தரநிலை இருந்தால் அதில் உள்ள எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள்.

1. வெறும் 5 வோல்ட் தானே, தொட்டாலும் ஒண்ணும் ஆகாது. அதுக்கு எதுக்கு இவ்வளவு இடைவெளி?

இடைவெளி 5 வோல்ட்டுக்காக இல்லை. அந்தப் பக்கம் நிற்கும் மெயின்ஸ், அதாவது சாக்கெட்டில் வரும் 230 வோல்ட், இந்தப் பக்கம் வராமல் இருப்பதற்காக. 230 வோல்ட் ஏசியின் உச்சம் 325 வோல்ட். சார்ஜருக்குள் அந்த 325 வோல்ட்டுக்கும், நீங்கள் கையில் பிடிக்கும் ஒயரோடு சேர்ந்த செம்புக்கும் நடுவே சில மில்லிமீட்டர்தான் இருக்கிறது. நீங்கள் தொடும் பக்கம் 'லோ வோல்டேஜ்' ஆக இருப்பதே அந்தச் சில மில்லிமீட்டர் தரும் பாதுகாப்பால்தான்.

இந்த இடைவெளி என்ற தடுப்பு உடைந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். 5 வோல்ட் பக்கத்தின் பிளஸ், மைனஸ் இரண்டும் சேர்ந்தே மெயின்ஸ் மட்டத்துக்கு ஏறிவிடும். இரண்டுக்கும் நடுவே மீட்டர் வைத்தால் அப்போதும் 5 வோல்ட்தான் காட்டும். போன் சார்ஜ் ஏறிக்கொண்டே இருக்கும். தரையில் நின்று ஒருவர் தொடும்வரை எந்த அறிகுறியும் இருக்காது. இந்த விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்காமல் இருப்பதற்கு இதுதான் காரணம்.

2. கிளியரன்ஸ், கிரீப்பேஜ்னு ரெண்டு சொல்றாங்க. ரெண்டும் ஒண்ணுதானே?

இல்லை. இரண்டு செம்புப் பகுதிகளுக்கு நடுவே காற்றின் வழியாக உள்ள மிகக் குறுகிய தூரம் கிளியரன்ஸ். பறவை பறக்கும் வழி. இன்சுலேஷன் பொருளின் பரப்பை ஒட்டியே போகும் மிகக் குறுகிய தூரம் கிரீப்பேஜ். எறும்பு ஊரும் வழி. தட்டையான போர்டில் இரண்டும் ஒரே அளவாக இருக்கும். நடுவில் ஸ்லாட்டோ (போர்டில் வெட்டிய நீளத் துளை) சுவரோ வந்தால் பிரிந்துவிடும்.

இரண்டும் கெட்டுப்போகும் விதமே வேறு. கிளியரன்ஸ் ஒரு நொடியில் உடையும். மின்னலாலோ பெரிய மோட்டார் அணைவதாலோ லைனில் ஒரு உயர் துடிப்பு வந்து, காற்றைக் கிழித்துக்கொண்டு தாவிவிடும். அதனால் கிளியரன்ஸைத் துடிப்பின் உச்ச வோல்டேஜை வைத்துக் கணக்கிடுகிறோம். கிரீப்பேஜ் ஆண்டுக்கணக்கில் கெடும். தூசியும் ஈரமும் படிந்த பரப்பில் நுண்ணிய மின்சாரம் கசிந்து, பரப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கருக்கி, கடைசியில் கரிக்கோடு ஒன்றைப் போட்டுவிடும். அதனால் கிரீப்பேஜுக்கு எப்போதும் நிற்கும் ஆர்.எம்.எஸ். வோல்டேஜ்தான் (ஏறி இறங்கும் வோல்டேஜின் பயனுறு அளவு; மெயின்ஸின் 230 அதுதான்) கணக்கு.

3. லோ வோல்டேஜ்னா எத்தனை வோல்ட் வரைக்கும்? ஒவ்வொருத்தரும் ஒரு எண் சொல்றாங்களே.

ஐ.இ.சி. மொழியில் லோ வோல்டேஜ் என்பது 1000 வோல்ட் ஏசி, 1500 வோல்ட் டிசி வரை. வீட்டு மெயின்ஸும் அதில் அடங்கும்! நாம் பேச்சில் சொல்லும் 'லோ வோல்டேஜ்' அவர்களுக்கு எக்ஸ்ட்ரா லோ வோல்டேஜ். அதன் எல்லை 50 வோல்ட் ஏசி, 120 வோல்ட் டிசி. கணினி, ஒலி-ஒளிக் கருவிகளுக்கான ஐ.இ.சி. 62368-1 இன்னும் இறுக்கமானது. சாதாரண ஆள் தொடக்கூடிய இஎஸ்1 வகைக்கு 60 வோல்ட் டிசி, அல்லது 30 வோல்ட் ஏசி ஆர்.எம்.எஸ்., அதாவது 42.4 வோல்ட் உச்சம்.

எண்கள் முரண்படுவதாகத் தோன்றும். கட்டட ஒயரிங்கைப் பற்றிப் பேசுகிறவர் 50, 120 என்பார். கருவி செய்கிறவர் 60 என்பார். இரண்டும் அவரவர் இடத்தில் சரி.

4. எஸ்.இ.எல்.வி., பி.இ.எல்.வி., எஃப்.இ.எல்.வி. மூணுக்கும் என்ன வித்தியாசம்?

மூன்றிலும் உள்ள இ.எல்.வி. கேள்வி 3-இல் சொன்ன எக்ஸ்ட்ரா லோ வோல்டேஜ்தான். எஸ்.இ.எல்.வி. சர்க்யூட் மெயின்ஸிலிருந்து உறுதியாகப் பிரிக்கப்பட்டது, எர்த்தோடும் சேராதது. பி.இ.எல்.வி.யிலும் பிரிப்பு அதே உறுதிதான், ஆனால் ஒரு முனை எர்த் ஆகியிருக்கும். எஃப்.இ.எல்.வி.யில் வோல்டேஜ் மட்டும்தான் குறைவு, அந்த உறுதியான பிரிப்பு இல்லை. அதை மெயின்ஸ் போலவே நடத்த வேண்டும். 'ஐசோலேட்டட் 12 வோல்ட்' என்று யாராவது சொன்னால் இந்த மூன்றில் எது என்று முதலில் கேட்டுவிடுங்கள்.

5. பேசிக், டபுள், ரீஇன்ஃபோர்ஸ்டு இன்சுலேஷன்னா என்ன?

பேசிக் என்பது ஷாக் அடிக்காமல் காக்கும் ஓர் அடுக்கு. அது உடைந்தாலும் காக்க இரண்டாவதாக ஒன்று இருந்தால் அது சப்ளிமென்டரி. இரண்டும் சேர்ந்தது டபுள். அந்த இரண்டின் பலத்தையும் ஒரே அடுக்கு தந்தால் ரீஇன்ஃபோர்ஸ்டு. இவை தவிர ஃபங்ஷனல் என்று ஒன்று உண்டு. அது சர்க்யூட் ஓடுவதற்காக மட்டுமே, உயிரைக் காப்பதற்காக அல்ல.

இதன் அடிப்படை ஒரே விதிதான்: ஒரு பழுது நேர்ந்தாலும் தொடுகிறவருக்கு ஷாக் அடிக்கக் கூடாது. எர்த் பின் இல்லாத அடாப்டரில் மெயின்ஸுக்கும் வெளிவரும் ஒயருக்கும் நடுவே ரீஇன்ஃபோர்ஸ்டு அல்லது டபுள்தான் இருக்க வேண்டும். லேபிளில் சதுரத்துக்குள் சதுரம் போட்டிருப்பது இதைச் சொல்லத்தான்.

6. சுத்தி வளைக்காம ஒரு எண் சொல்லுங்க. 230 வோல்ட்டுக்கும் 12 வோல்ட்டுக்கும் நடுவுல எத்தனை மி.மீ. விடணும்?

எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு போனால் அடுத்த போர்டில் தவறிவிடுவீர்கள். கணக்கையும் சேர்த்தே காட்டுகிறேன். முதலில் கிளியரன்ஸ். லைனில் எவ்வளவு பெரிய துடிப்பு வரலாம் என்பதற்கான வகைப்பாட்டில் சாக்கெட்டில் செருகும் கருவிகள் ஓவர்வோல்டேஜ் கேட்டகரி 2. 230 வோல்ட் லைனில் அந்த வகைக்கு எதிர்பார்க்க வேண்டிய துடிப்பு 2500 வோல்ட். பேசிக் இன்சுலேஷனுக்கு 1.5 மி.மீ. போதும். ரீஇன்ஃபோர்ஸ்டு என்றால் வரிசையில் அடுத்த படியான 4000 வோல்ட்டை எடுக்க வேண்டும். அதற்கு 3 மி.மீ.

அடுத்தது கிரீப்பேஜ். தரநிலை அட்டவணையில் 250 வோல்ட் வரிசை, பொல்யூஷன் டிகிரி 2 (கேள்வி 7-இல் விளக்கம்), கண்ணாடி இழையும் எபாக்சியும் சேர்ந்த சாதாரண எஃப்.ஆர்.4 போர்டு. பேசிக்குக்கு 2.5 மி.மீ. ரீஇன்ஃபோர்ஸ்டுக்கு அதை இரட்டிப்பாக்கினால் 5 மி.மீ. தட்டையான போர்டில் பெரிய எண்தான் வெல்லும் என்பதால் விடை 5 மி.மீ.

ஆனால் தடுப்பின் குறுக்கே நிற்கும் வோல்டேஜ் எல்லா நேரமும் வெறும் 230 அல்ல. ஃப்ளைபேக் வகை சப்ளையில், டிரான்சிஸ்டர் வேகமாக ஆன்-ஆஃப் செய்யும் ஸ்விட்ச்சிங் முனைக்கும் செகண்டரிக்கும் (டிரான்ஸ்பார்மரின் வெளியீட்டுப் பக்கம்; மெயின்ஸ் பக்கம் பிரைமரி) நடுவே அளந்தால் ஆர்.எம்.எஸ். 250-ஐத் தாண்டலாம். 320 வோல்ட் வரிசையில் ரீஇன்ஃபோர்ஸ்டு கிரீப்பேஜ் 6.4 மி.மீ. 400 வோல்ட் வரிசையில் 8 மி.மீ. ஒருவர் 5, இன்னொருவர் 6.4, மற்றொருவர் 8 என்று சொல்வது இப்படித்தான் வருகிறது. இடம் இருந்தால் நான் 8 விடச் சொல்வேன். இடம் இல்லையென்றால் அளந்து பார்த்துவிட்டு முடிவு செய்யச் சொல்வேன். அளக்காமல் 5-இல் நிறுத்துவதை ஏற்க மாட்டேன்.

7. பொல்யூஷன் டிகிரின்னா ஊர்ல இருக்கிற காற்று மாசா?

இல்லை. கருவியின் உள்ளே அந்த இடைவெளியின்மேல் என்ன படியும் என்பதுதான். டிகிரி 1 என்றால் மாசே படியாது, அல்லது படிந்தாலும் மின்சாரம் கடத்தாத உலர்ந்த மாசு. டிகிரி 2-இல் படிவது கடத்தாத தூசிதான், எப்போதாவது ஈரம் பூத்துச் சிறிது நேரம் கடத்தலாம். வீடு, அலுவலகக் கருவிகள் பெரும்பாலும் இந்த வகை. டிகிரி 3-இல் படிவதே கடத்தும், அல்லது ஈரத்தால் கடத்தத் தொடங்கும். டிகிரி 4-இல் மழை, ஈரம் காரணமாக எப்போதும் கடத்தும்.

டிகிரி 2-இலிருந்து 3-க்குப் போனால் மேலே சொன்ன 2.5 மி.மீ. 4 மி.மீ. ஆகிவிடும். ரீஇன்ஃபோர்ஸ்டு 8. ஆலைத் தளத்தில் காற்றோட்டத் துளைகளோடு நிற்கப்போகும் பெட்டிக்கு வீட்டு அடாப்டரின் லேஅவுட்டை அப்படியே எடுத்துப் போடுகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

8. சி.டி.ஐ.ன்னு ஒரு எண் கேக்குறாங்க. எஃப்.ஆர்.4 நல்ல இன்சுலேஷன்தானே, அப்புறம் என்ன?

எஃப்.ஆர்.4 நல்ல இன்சுலேஷன்தான். ஆனால் பரப்பு கருகுவதைத் தாங்கும் திறனில் அது சுமார். சி.டி.ஐ. (கம்பேரட்டிவ் டிராக்கிங் இண்டெக்ஸ்) அளப்பது அந்தத் திறனைத்தான். சோதனையே விஷயத்தை விளக்கிவிடும். பொருளின் மேல் 4 மி.மீ. இடைவெளியில் இரண்டு பிளாட்டினம் முனைகளை வைக்கிறார்கள். நடுவே 0.1 சதவீத அம்மோனியம் குளோரைடு கரைசலை 30 நொடிக்கு ஒரு சொட்டாக விடுகிறார்கள். 50 சொட்டு விழுந்தும் கரித்தடம் உண்டாகாமல் பொருள் தாங்கும் அதிகபட்ச வோல்டேஜ் அதன் சி.டி.ஐ.

600 அல்லது அதற்கு மேல் வந்தால் மெட்டீரியல் குரூப் 1. 400-இலிருந்து 600-க்குள் குரூப் 2. 175-இலிருந்து 400-க்குள் 3ஏ. 100-இலிருந்து 175-க்குள் 3பி. வழக்கமான எஃப்.ஆர்.4 விழுவது 3ஏ-யில். போர்டு செய்கிறவர் எழுத்தில் உறுதி தராவிட்டால் குரூப் 3 என்றே கணக்குப் போடுங்கள். குரூப் 1 பொருள் கிடைத்தால் அதே 250 வோல்ட்டுக்கு 2.5-க்குப் பதில் 1.25 மி.மீ. போதும். கிளியரன்ஸ் மட்டும் எந்தப் பொருளைப் போட்டாலும் குறையாது. காற்றுக்குப் பொருளைப் பற்றிக் கவலையில்லை.

9. காற்று ஒரு மி.மீ.க்கு 3000 வோல்ட் தாங்கும்னு பாடத்துல படிச்சேன். 4000 வோல்ட்டுக்கு 3 மி.மீ. ஏன்?

பாடத்தில் படித்தது சமமான மின்புலத்துக்கானது. வழுவழுப்பான பெரிய பரப்புகள் இரண்டு எதிரெதிரே நிற்கும் நிலை. பேடின் (பாகத்தின் காலைச் சோல்டர் செய்யும் செம்புத் திட்டு) மூலை, வெட்டிய கம்பியின் நுனி, சோல்டரின் கூர்முனை எல்லாம் மின்புலத்தை ஓரிடத்தில் குவித்துவிடும். அங்கே காற்று முன்னதாகவே உடையும். தரநிலையில் இரண்டு நிலைக்கும் தனித்தனி எண் உண்டு. சமமான புலம் என்று சோதித்துக் காட்டினால் 4000 வோல்ட்டுக்கு 1.2 மி.மீ. போதும். காட்ட முடியாவிட்டால் 3 மி.மீ. போர்டில் யாராலும் அதைக் காட்ட முடியாது.

10. நடுவுல சோல்டர் மாஸ்க் இருக்கே. அது இன்சுலேஷன்தானே?

கணக்கில் சேராது. போர்டின் மேல் பூசியிருக்கும் அந்த மாஸ்க் மெல்லியது. நுண்துளை, கீறல், ஓரத்தில் விலகல் எல்லாம் இருக்கும். மாஸ்க் இல்லை என்று வைத்தே அளவிடுங்கள். கன்ஃபார்மல் கோட்டிங், அதாவது பாகங்களைப் பொருத்திய பின் போர்டின் மேல் போடும் பாதுகாப்புப் பூச்சு, வேறு கதை. ஐ.இ.சி. 60664-3 படி சோதித்துத் தேறிய பூச்சாக இருந்தால், அதன் அடியில் உள்ள இடத்தைப் பொல்யூஷன் டிகிரி 1 என்று எடுத்துக்கொள்ளலாம். டப்பாவிலிருந்து தூரிகையால் தடவி உலர்த்திய பூச்சுக்கு அந்தச் சலுகை கிடையாது.

11. இடம் பத்தலை. நடுவுல ஸ்லாட் வெட்டிட்டா போதுமா?

பல நேரம் போதும், மூன்று விஷயங்களைப் பார்த்துக்கொண்டால். ஒன்று, அகலம். டிகிரி 2-இல் ஸ்லாட் குறைந்தது 1 மி.மீ., டிகிரி 3-இல் 1.5 மி.மீ. அதற்குக் குறைந்தால் ஸ்லாட்டே இல்லாததுபோல நேராகத் தாண்டி அளக்க வேண்டும். கிளியரன்ஸே 3 மி.மீ.க்குக் குறைவாக இருக்கும் இடங்களில் மட்டும் அகலத்தை அந்தக் கிளியரன்ஸில் மூன்றில் ஒரு பங்குவரை குறைக்கலாம்.

இரண்டு, நீளம். எறும்பு ஸ்லாட்டின் நுனியைச் சுற்றிக்கொண்டு வரும். 4 மி.மீ. தள்ளி நிற்கும் இரண்டு பேடுகளைப் புள்ளிகளாக எடுத்துக்கொண்டு, நடுவே 1 மி.மீ. அகல ஸ்லாட் போடுவோம். ஸ்லாட் 3 மி.மீ. நீளம் என்றால் சுற்றிவரும் வழி சுமார் 5.2 மி.மீ. நீளம் 5 மி.மீ. ஆனால் சுமார் 6.8 மி.மீ. பேடுக்கு அகலம் இருப்பதால் நிஜத்தில் இன்னும் குறையும். ஸ்லாட் பேடை விட இரு பக்கமும் நன்றாக நீண்டிருக்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

மூன்று, ஸ்லாட் கிரீப்பேஜைத்தான் கூட்டும். காற்று வழி அப்படியே 4 மி.மீ.தான். கேள்வி 6-இல் சொன்ன 3 மி.மீ.க்கு அது போதும், ஆனால் ஸ்லாட்டை நம்பி அதையும் குறைத்துவிடாதீர்கள்.

12. ஆப்டோகப்ளர் டேட்டாஷீட்ல 5000 வோல்ட் ஐசோலேஷன்னு போட்டிருக்கு. அப்புறம் என்ன கவலை?

அந்த 5000 வோல்ட் ஒரு நிமிடச் சோதனைக்கான எண். தடுப்பைத் தாண்டி ஒளியால் சிக்னல் அனுப்பும் அந்த ஆப்டோவின் உள்ளே இருக்கும் தடுப்பைப் பற்றியது. உங்கள் போர்டில் அதன் கால்கள் நிற்கும் இடத்தைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை.

ஒரு முறை என்னோடு உட்கார்ந்து அளந்து பாருங்கள். சாதாரண டிஐபி ஆப்டோவின் இரண்டு கால் வரிசைகளுக்கு நடுவே மையத்திலிருந்து மையம் 7.62 மி.மீ. ஒவ்வொரு பேடும் 1.6 மி.மீ. விட்டம் என்றால் பேடின் ஓரத்திலிருந்து ஓரம் 6.02 மி.மீ. சோல்டர் நன்றாகப் பிடிக்கட்டும் என்று யாராவது பேடை 2 மி.மீ. ஆக்கினால் 5.62. அடியில் ஒரு ட்ராக்கை (செம்புக் கோட்டை) நுழைத்தால் அதுவும் போச்சு. 5 மி.மீ. தேவைக்கு இது தேறும். 6.4-க்கே தேறாது, 8-ஐப் பேசவே வேண்டாம். இதற்காகத்தான் கால்களை 10.16 மி.மீ.க்கு விரித்து வளைத்த வகை விற்கிறது. அதில் 1.6 மி.மீ. பேடோடு 8.56 கிடைக்கும். ஸ்லாட் போர்டைத்தான் காப்பாற்றும். ஆப்டோவின் உடம்பை ஒட்டிய வழி அப்படியே இருக்கும் என்பதால் அதன் சொந்த கிரீப்பேஜையும் டேட்டாஷீட்டில் தேடிப் பாருங்கள்.

13. டிரான்ஸ்பார்மர் வாங்கிப் போடறதுதானே. அதுக்குள்ள என்ன பாக்கணும்?

உள்ளே பழைய வழி, சுற்றின் ஓரத்தில் கம்பி சுற்றாமல் மார்ஜின் டேப் விடுவது. பக்கத்துக்கு 3.2 மி.மீ. விட்டால், பிரைமரியிலிருந்து டேப்பின் ஓரம்வரை 3.2, அங்கிருந்து செகண்டரிக்கு 3.2, மொத்தம் 6.4. புது வழி, செகண்டரியை மூன்று அடுக்கு இன்சுலேஷன் உள்ள கம்பியால் சுற்றுவது. அப்போது மார்ஜின் தேவையில்லை.

பிழை வருவது சுற்றில் இல்லை, முனையில். அந்தக் கம்பி பின்னில் சோல்டர் ஆகும் இடத்தில் மூன்று அடுக்கும் உரிந்துவிடும். அங்கே அது வெறும் செம்பு. ஃபெரைட் கோரை (சுற்றுகளுக்குள் நிற்கும் காந்தப் பொருளை) பிரைமரியோடு சேர்ந்ததாக எடுத்துக்கொண்டால், செகண்டரி பின்னுக்கும் கோருக்கும் நடுவே முழு இடைவெளியும் வேண்டும். டிரான்ஸ்பார்மர் சாம்பிள் வந்ததும் நான் முதலில் காலிபரை வைப்பது அங்கேதான்.

14. மெயின்ஸ் பக்கத்துக்கும் 12 வோல்ட்டுக்கும் நடுவுல நீலமா ஒரு கபாசிட்டர் இருக்கு. அது தடுப்பைக் கெடுக்காதா?

அது ஒய் கபாசிட்டர். ஸ்விட்ச்சிங் இரைச்சலை அடக்கத் தடுப்பின் குறுக்கே வேண்டுமென்றே வைப்பது. சாதாரண கபாசிட்டரை அந்த இடத்தில் வைப்பது உயிரோடு விளையாடுவது. ஷார்ட் ஆனால் மெயின்ஸ் நேராக வெளியே வரும். ரீஇன்ஃபோர்ஸ்டு தடுப்பைத் தாண்ட ஒய்1 வகை வேண்டும். அது 8000 வோல்ட் துடிப்புச் சோதனையில் தேறியது. ஒய்2-வுக்கு அந்தச் சோதனை 5000 வோல்ட்.

உலோக உடம்புள்ள மடிக்கணினியை விரலால் லேசாக வருடும்போது சுருக்கென்று உணர்வதற்கும் இதுதான் காரணம். 2.2 நானோஃபாரட் மேல் முழு 230 வோல்ட் 50 ஹெர்ட்ஸ் நின்றாலும் பாயக்கூடியது 0.16 மில்லியாம்பியர். அது ஆபத்தான அளவு இல்லை. மல்டிமீட்டரில் வெளியீட்டுக்கும் எர்த்துக்கும் நடுவே மெயின்ஸில் பாதியளவு காட்டுவதும் இதனால்தான். ஆனால் சுருக்கென்பதைத் தாண்டிக் கையை இழுக்கும் அளவுக்கு அடித்தால், அது கபாசிட்டரின் இயல்பு இல்லை. உடனே கழற்றிவிடுங்கள், மறுபடி செருக வேண்டாம்.

15. ஹைபாட் டெஸ்ட் 3000 வோல்ட்ல பாஸ் ஆயிடுச்சு. இடைவெளி கொஞ்சம் குறைஞ்சா என்ன இப்போ?

என்னிடம் மிக அதிகமாக வந்த கேள்வி இது. ஹைபாட் என்பது தடுப்பின் குறுக்கே உயர் வோல்டேஜ் கொடுத்துப் பார்ப்பது. அது சோதிப்பது இன்றைய காற்றை, இன்றைய சுத்தமான போர்டை, ஒரு நிமிடம். கேள்வி 2-இல் சொன்ன இரண்டாவது கெடுதல், அதாவது ஆண்டுக்கணக்கில் கருகுவது, அந்த ஒரு நிமிடத்தில் தெரியவே தெரியாது. கிரீப்பேஜ் போதாத புதுப் போர்டு ஹைபாட்டில் எளிதாகத் தேறிவிடும்.

செத்துப்போன ஒரு அடாப்டரை நான் பிரித்துப் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. டிரான்ஸ்பார்மருக்கு அடியில் இரண்டு பேடுகளுக்கு நடுவே 2 மி.மீ. கூட இல்லை. கழுவாமல் விட்ட ஃப்ளக்ஸ் (சோல்டர் பிடிப்பதற்காகப் போடும் பசை) தேன்போல் பிசுபிசுத்து அதில் சாம்பல் நிறத் தூசி ஒட்டியிருந்தது. அதைத் துடைத்ததும் அடியில் பென்சிலால் கிழித்ததுபோல் ஒரு மெல்லிய கறுப்புக் கோடு, மெயின்ஸ் பேடிலிருந்து கிளம்பி எதிர்ப் பக்கத்துக்கு முக்கால் தூரம் வந்து நின்றிருந்தது. தொழிற்சாலையை விட்டு வெளிவந்த நாளில் அதுவும் சோதனையில் தேறியிருக்கும்.

இன்னொன்று. ஏசியில் சோதித்தால் ஒய் கபாசிட்டர் வழியே பாயும் மின்சாரத்தைப் பார்த்து மீட்டர் பொய்யாக ஃபெயில் காட்டலாம். அப்போது 3000 ஏசிக்குச் சமமான 4242 வோல்ட் டிசியில் சோதியுங்கள். கபாசிட்டரைக் கழற்றிவிட்டுச் சோதித்து 'பாஸ்' என்று எழுதாதீர்கள்.

16. நடுவுல ஹீட்சிங்க், ஸ்க்ரூ வந்தா என்ன பண்றது? எதோடயும் கனெக்ட் ஆகலையே.

எதோடும் சேராத உலோகம் தன் அகலத்தை விழுங்கிவிடும். 10 மி.மீ. இடைவெளியின் நடுவே 6 மி.மீ. தலையுள்ள ஸ்க்ரூ வந்தால் மிச்சம் 4 மி.மீ.தான். வாஷர் போட்டால் இன்னும் குறையும். ஸ்க்ரூ எர்த் ஆன உடம்பில் இறங்கினால் கணக்கு வேறு. மெயின்ஸிலிருந்து எர்த்துக்கு வேண்டிய இடைவெளியைத் தனியாகப் பார்க்க வேண்டும். ஹீட்சிங்க் மெயின்ஸ் பக்க டிரான்சிஸ்டரோடு சேர்ந்திருந்தால் அது முழுக்க மெயின்ஸ். அதன் மேல்முனை செகண்டரி கபாசிட்டரின் பக்கம் சாய்ந்தாலும் இடைவெளி மிஞ்சுகிறதா என்று கையால் தள்ளியே பாருங்கள். தடுப்பின் நடுவே செம்பிலேயே லோகோவோ பெயரோ போடுகிறவர்கள் உண்டு. அதை எடுத்துவிடுங்கள்.

17. செகண்டரியை எர்த் பண்ணிட்டா பேசிக் போதும்னு சொல்றாங்களே?

கருவித் தரநிலைகளில் அந்த வழி உண்டு. தடுப்பு உடைந்தால் மின்சாரம் எர்த்துக்குப் போய் ஃபியூஸ் போய்விடும் என்பது அதன் தர்க்கம். அப்போது 1.5 மி.மீ. கிளியரன்ஸும் 2.5 மி.மீ. கிரீப்பேஜும் போதும். ஆனால் ஃபியூஸ் போகும்வரை அந்த முழு மின்சாரத்தையும் எர்த் பாதை தாங்க வேண்டும். மெல்லிய ஒரு ட்ராக் வழியே எர்த் செய்துவிட்டு இந்தச் சலுகையைக் கேட்க முடியாது.

கட்டட ஒயரிங்கில் இதே வாதம் செல்லாது. கேள்வி 4-இல் சொன்னபடி பி.இ.எல்.வி.க்கும் உறுதியான பிரிப்பு வேண்டும். வெறும் பேசிக் இருந்தால் அது எஃப்.இ.எல்.வி. ஆகிவிடும். என் கருத்தைக் கேட்டால், எர்த் பின்னை ஒடித்துவிட்டுச் செருகுகிறவர்கள் இருக்கும்வரை எர்த்தை நம்பி இடைவெளியைக் குறைக்க எனக்கு மனம் வராது.

18. ரெண்டு பக்கமும் ஐசோலேட்டட். ஒண்ணு 24 வோல்ட், ஒண்ணு 5 வோல்ட். நடுவுல எத்தனை?

இரண்டும் தனித்தனியே உறுதியாகப் பிரிக்கப்பட்டிருந்தால் நடுவே இருப்பது ஃபங்ஷனல் மட்டும். இரண்டையும் சேர்த்து ஷார்ட் செய்து பாருங்கள். தீப்பிடிக்காமல், எந்தப் பக்கமும் எல்லையைத் தாண்டாமல் இருந்தால் உயிருக்கான இடைவெளி எதுவும் தேவையில்லை. சாதாரணக் காற்றில் சுமார் 327 வோல்ட்டுக்குக் கீழே பொறி தாவவே தாவாது என்பது பாஷென் 1889-இல் காட்டிய விதியிலிருந்து வருவது. இங்கே பயப்பட வேண்டியது காற்றைப் பற்றி அல்ல, ஈரத்தையும் தூசியையும் பற்றி. 50 வோல்ட்டுக்கே டிகிரி 2, குரூப் 3-இல் அட்டவணை 1.2 மி.மீ. கிரீப்பேஜ் சொல்கிறது. பெரிய பேட்டரி இருக்கும் போர்டில் அதை மதியுங்கள்.

சிக்கல் வேறோர் இடத்தில் வரும். 48 வோல்ட் டிசி வெளியீடுகள் இரண்டு. தனித்தனியே 60-க்குள்தான். ஒன்றின் மைனஸும் மற்றதன் பிளஸும் சேர்ந்துவிட்டால் 96 வோல்ட். ஒரே கனெக்டரில் இரண்டும் வெளியே வந்தால், ஒரு பழுதில் தொடுகிறவர் கையில் வருவது 48-ஆ, 96-ஆ என்று பாருங்கள்.

19. மெயின்ஸ் ஒயரும் 12 வோல்ட் ஒயரும் ஒரே பைப்புல போகலாமா?

12 வோல்ட் ஒயரின் இன்சுலேஷன் அங்கே உள்ள அதிகபட்ச வோல்டேஜைத் தாங்குவதாக இருந்தால், அல்லது அதன்மேல் தனி உறை இருந்தால் போகலாம். சாதாரண மெல்லிய ஒயர் கூடாது. கருவிக்குள் இன்னொரு சோதனையும் செய்யுங்கள். மெயின்ஸ் ஒயர் டெர்மினலிலிருந்து கழன்று வந்தால் எதுவரை எட்டும்? அது 12 வோல்ட் பக்கத்தைத் தொட்டுவிடும் என்றால், போர்டில் விட்ட 8 மி.மீ.க்கு அர்த்தமே இல்லை. டெர்மினலுக்குப் பக்கத்திலேயே டை போட்டுக் கட்டிவிடுங்கள்.

20. பேட்டரியில மட்டும் ஓடுற கருவிக்கும் இதெல்லாம் வேணுமா?

மெயின்ஸே வராது, உள்ளே 60 வோல்ட் டிசியைத் தாண்டும் பூஸ்ட் சர்க்யூட்டும் இல்லை என்றால் வேண்டாம். ஷார்ட் ஆனால் தீப்பிடிக்குமா என்று மட்டும் பாருங்கள்.

21. மலைமேல வைக்கிற கருவிக்கு எண் மாறுமாமே?

கிளியரன்ஸ் மட்டும் மாறும். காற்று மெலிந்தால் சீக்கிரம் உடையும். அட்டவணை எண்கள் கடல்மட்டத்திலிருந்து 2000 மீட்டர் வரைக்கும். 3000 மீட்டருக்கு 1.14, 4000-க்கு 1.29, 5000-க்கு 1.48 ஆல் பெருக்க வேண்டும். நம் 3 மி.மீ. 5000 மீட்டரில் 4.44 ஆகிறது. கிரீப்பேஜுக்காக 5 மி.மீ. தட்டையாக விட்டிருந்தால் அது அப்படியே தேறும். ஸ்லாட் வெட்டிக் காற்று வழியை 4 மி.மீ. ஆகக் குறுக்கிய போர்டு தேறாது.

22. மருத்துவக் கருவிக்கு இதே சப்ளையைப் போடலாமா?

நோயாளியைத் தொடும் பக்கத்துக்குக் கூடாது. ஐ.இ.சி. 60601-1-இல் நோயாளியைக் காக்கும் இரண்டு அடுக்குப் பாதுகாப்புக்கு, 250 வோல்ட் வரை, கிரீப்பேஜ் 8 மி.மீ., கிளியரன்ஸ் 5 மி.மீ. சோதனை 4000 வோல்ட். மயக்கத்தில் இருப்பவர் சுருக்கென்றால் கையை இழுத்துக்கொள்ள மாட்டார். உடம்பில் ஏற்கெனவே ஒயர் ஒட்டியிருக்கும். கேள்வி 14-இல் பரவாயில்லை என்று விட்ட 0.16 மில்லியாம்பியரை அங்கே விட முடியாது, ஒய் கபாசிட்டரையே குறைக்கவோ எடுக்கவோ வேண்டிவரும். கேள்வி 6-இல் 5 மி.மீ. கணக்கில் முடித்த போர்டைக் கையில் வைத்துக்கொண்டு 'இதையே சோதனைக்கு அனுப்பலாமா' என்று கேட்டால், அனுப்ப வேண்டாம். தடுப்புக் கோட்டிலிருந்து மறுபடி வரையுங்கள்.